கடைவீடு வாங்குமுன் கணக்குப் பார்ப்போம்

நம்மவர் ஒருவர் பல ஆண்டுகள் கல்லாவில் அமர்ந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொஞ்சம் கைப்பொருள் சேர்த்துவிட்டால், அடுத்து அவர் மனத்தில் எழும் ஆசை ஒரு கட்டடம் வாங்க வேண்டும் என்பதே. இந்த ஆசை நல்ல ஆசைதான். ஆனால் ஒரு மூட்டை மிளகு வாங்கும்போது கையை உள்ளே விட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நான்கு கடை விலை விசாரித்து வாங்குகிற அதே வியாபாரி, பத்து இலட்சம் வெள்ளிக்குக் கட்டடம் வாங்கும்போது தரகர் சொல்லைக் கேட்டு ஒரே மாலையில் முன்பணம் கொடுத்துவிடுகிறார். மூட்டையில் நட்டப்பட்டால் மறு மாதம் ஈடு செய்யலாம். கட்டடத்தில் நட்டப்பட்டால் அது பிள்ளைகள் காலம்வரை தொடரும். ஆகவே ஒரு கடைவீட்டின் நிலையையும் அதன் வருங்கால வருவாயையும் எப்படி எடை போடுவது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்துவரும் பினாங்கு ஜார்ஜ் டவுனையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

தெருவின் தலையெழுத்து மாறிய மூன்று தடவை

ஜார்ஜ் டவுனின் கடைத்தெருக்களில் கட்டட விலையும் வாடகையும் தாமாக ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருந்தது.

முதலாவது, 1969-ல் பினாங்குத் தீவு தன் சுங்கமில்லாத் துறைமுக உரிமையை இழந்தது. துறைமுகத்தை நம்பி நடந்த மொத்த வியாபாரம் மெலிந்தது. இரண்டாவது, 1966-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948-க்கு முன் கட்டிய பழைய கட்டடங்களில் வாடகையை விருப்பம்போல் உயர்த்த இச்சட்டம் இடம் தரவில்லை. குடியிருந்தோர்க்கு அது நிழலாக இருந்தது. ஆனால் சொற்ப வாடகையில் எந்த உரிமையாளர் கூரையைப் பிரித்து மேய்வார்? கட்டடங்கள் நலிந்தன. 1997-ல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 1999 டிசம்பர் 31-டன் கட்டுப்பாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. குறைந்த வாடகையையே சொந்த உரிமைபோல் எண்ணியிருந்த பலர் கடையையும் வீட்டையும் காலி செய்ய நேர்ந்தது. மூன்றாவது, 2008 ஜூலை 7-ல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஒரு காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கடைவீடுகளை விடுதிக்கும் காப்பிக்கடைக்கும் தேடி வந்தார்கள். விலையும் ஏறியது.

இம்மூன்றிலிருந்தும் நாம் கற்க வேண்டியது ஒன்றே. வாடகைக்காரராகவே இருந்துவிடுவதில் ஆபத்து உண்டு. ஆனால் ஊர் முழுவதும் வாங்குகிறதே என்று ஓடிப்போய் வாங்குவதிலும் ஆபத்து உண்டு. கட்டடத்தின் இன்றைய வாடகை தாங்கக்கூடிய விலையைத்தான் கொடுக்க வேண்டும். நாளைக்கு வரும் என்று சொல்லப்படுகிற வதந்திக்கு விலை கொடுக்கலாகாது. இந்த விதியை மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

முதற் பாடம்: காகிதம்

கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் காகிதத்தைப் பார்க்க வேண்டும். சுவர் பழுதானால் கொத்தனாரைக் கொண்டு திருத்தலாம். உரிமை பழுதானால் திருத்துவது எளிதல்ல.

1966 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின்படி, நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டும் பழைய பத்திரம் எவ்வளவு மஞ்சள் பூத்திருந்தாலும் அது போதாது. நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி, 'சாரியான் ரஸ்மி' எனப்படும் அதிகாரபூர்வத் தேடலைச் செய்ய வேண்டும். அதில் கவனிக்க வேண்டியவை:

1. உரிமையாளர் யார்? விற்க வந்தவர் அவர்தாமா? அவர் உயிருடன் இருக்கிறாரா?

2. நிலம் நிரந்தர உரிமையா, தவணைக் குத்தகையா? குத்தகையாயின் இன்னும் எத்தனை ஆண்டுகள் எஞ்சியுள்ளன? மாநில அரசின் சம்மதமின்றி விற்கக்கூடாது என்ற தடை எழுதப்பட்டுள்ளதா?

3. வங்கி ஈடு உண்டா? 'கேவியட்' எனும் தடைப் பதிவு உண்டா?

4. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எவர் பெயரிலேனும் பதிவாகியிருக்கிறதா?

நம் சமூகத்தில் அடிக்கடி தலைவலி தருவது முதற் கேள்விதான். பாட்டனார் பெயரில் இருக்கும் கடைவீட்டைப் பேரன் விற்க வருவார். பாட்டனாரின் வாரிசுகளில் சிலர் இங்கே, சிலர் இராமநாதபுரத்தில், சிலர் நாகூரில், சிலர் கடையநல்லூரில் இருப்பார்கள். பராயிள் முறைப்படி பங்கு பிரிக்கப்பட்டு, வாரிசுகளின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும்வரை அந்தப் பேரனால் தம் பங்கைக்கூடச் சரியாக விற்க இயலாது. "எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள்" என்ற வாய்வார்த்தையை நம்பி முன்பணம் கொடுப்பவர் தாமே ஒரு வழக்கை விலைக்கு வாங்குகிறார்.

இன்னொன்றும் உண்டு. ஜார்ஜ் டவுனின் நடுப்பகுதியில் வக்பு நிலங்கள் பல உள்ளன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கென 1801-ல் 18 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டதை வரலாறு அறிந்தவர்கள் அறிவார்கள். வக்பு நிலத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. அதன்மேல் நிற்கும் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கலாம், அவ்வளவே. வக்பு நிலத்தில் நெடுங்காலம் குடியிருந்தவர், "இது எங்கள் வீடு" என்று சொல்லி உரிமை மாற்ற முன்வந்தால், மாநில இஸ்லாமிய மன்றத்தில் விசாரிக்காமல் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். இதில் போவது பணம் மட்டுமல்ல, மறுமைக் கணக்கும் இருக்கிறது.

இரண்டாம் பாடம்: உடல்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய செய்தியை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். மேலே காய்ந்த தானியம், உள்ளே நனைந்த தானியம். பழைய கடைவீடும் அப்படித்தான். முகப்பில் புதுச் சாயம் பளபளக்கும். ஈரம் உள்ளே இருக்கும்.

நம் பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. அகலம் குறைவு, நீளம் அதிகம். இரு வீட்டுக்கும் பொதுவான பக்கச் சுவர். நடுவில் காற்றும் வெளிச்சமும் வர ஒரு முற்றம். முன்னே அஞ்சடி, பின்னே சந்து. மேல்மாடித் தளத்தைத் தாங்கும் மர உத்திரங்கள் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவருக்குப் போகும். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் நோய் எங்கே இருக்கும் என்பது தானே விளங்கும்.

*சுவர்.* நிலத்தடி ஈரம் செங்கல்லின் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே மூச்சுவிடச் செய்யும். பிற்காலத்தில் அதன்மேல் சிமெண்டு பூசிவிட்டால், ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும், பூச்சு உப்பும், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். ஆகவே தரையிலிருந்து நான்கடி உயரத்துக்கு மட்டும் புதுச் சாயம் பூசியிருந்தாலோ, புது ஓடு பதித்திருந்தாலோ, பலகை அடித்து மறைத்திருந்தாலோ, "ஏன்?" என்று கேட்க வேண்டும். சுவரை உள்ளங்கையால் தொட்டும், விரல் முட்டியால் தட்டியும் பாருங்கள். பொள்ளல் ஓசை கேட்டால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள்.

*விரிசல்.* மயிரிழைபோல் ஓடும் விரிசல் பூச்சின் விரிசல். அதற்குக் கலங்க வேண்டாம். படிக்கட்டுபோல் செங்கல் வரிசையைத் தொடர்ந்து ஏறும் விரிசலும், ஒரு காசு நுழையும் அளவு அகன்ற விரிசலும் அஸ்திவாரத்தின் குறையைச் சொல்லக்கூடும். பக்கத்து மனையில் பழைய கட்டடத்தை இடித்துப் புதிது எழுப்பியிருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் முடிவு செய்யலாகாது.

*மரம்.* உத்திரத்தின் நடுப்பகுதி நன்றாக இருக்கும். சுவருக்குள் புகுந்திருக்கும் நுனிதான் ஈரத்தால் உளுத்துப்போகும். மாடியில் நடக்கும்போது சுவரோரத்தில் தளம் அமுங்குகிறதா என்று பாருங்கள். படிக்கட்டின் அடியில், கதவு நிலைகளின் பின்னால், கழிவறைச் சுவரை ஒட்டிக் கறையானின் மண்கூடு தென்படுகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். செங்கால் போன்ற உறுதியான மரம் நூறு ஆண்டு நிற்கும். இடையிடையே மாற்றிவைத்த மலிவான மரத்தைத்தான் கறையான் முதலில் நாடும்.

*கூரை.* மழை பெய்யும் பிற்பகலில் சென்று பார்ப்பதே உத்தமம். ஒழுக்கு தானே வந்து சாட்சி சொல்லும். மேல்மாடிக் கூரைப் பலகையில் பழுப்பு நிறக் கறைகள் இருந்தால் எண்ணிக்கொள்ளுங்கள். முற்றத்தில் விழும் நீர் எங்கே போகிறது, அடைபட்டிருக்கிறதா என்று கவனியுங்கள்.

*பின்கட்டு.* முற்றத்தின்மேல் தகரம் போட்டு மூடியிருப்பார்கள், பின்புறம் ஓர் அறை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதற்கு நகராண்மையின் அனுமதி பெற்ற வரைபடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையாயின் அந்த அறையையும் சேர்த்து விலை பேசாதீர்கள். அது நாளைக்கு இடிக்கச் சொல்லப்படலாம்.

*வெள்ளம்.* 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெய்த பெருமழையை ஊர் மறக்காது. அன்று தண்ணீர் எதுவரை ஏறியது என்று விற்பவரிடம் கேட்க வேண்டாம். பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

இவற்றையெல்லாம் நாமே பார்த்த பிறகு, பொறியாளர் ஒருவரையும் பழைய கட்டட வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரையும் அழைத்துச் சென்று, பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். அந்தத் தொகை கைக்கு வருமுன் விலை பேசவே கூடாது. வங்கியின் மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டாரே என்று சிலர் ஆறுதல் அடைவதுண்டு. வங்கி தன் கடன் திரும்புமா என்று பார்க்கிறது. நம் முதல் திரும்புமா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் பாடம்: அனுமதியும் குடியிருப்போரும்

பாரம்பரியப் பகுதிக்குள் இருக்கும் கட்டடத்தை நம் விருப்பம்போல் இடித்துக் கட்ட முடியாது. அங்கே பழைய கட்டடங்கள் முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரித்து வைக்கப்பட்டுள்ளன. முகப்பு, கூரை, முற்றம் ஆகியவற்றைக் காக்கும் விதிகள் உண்டு. புதுக் கட்டடத்துக்கும் 18 மீட்டர் உயர வரம்பு உண்டு. 2016-ல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம் இவற்றை வகுத்துள்ளது. "வாங்கி ஆறு மாடி எழுப்பலாம்" என்று தரகர் சொன்னால், அதை நகராண்மைக் கழகத்தில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். கடையாக இருப்பதை விடுதியாக மாற்றுவதற்கும் தனி அனுமதி வேண்டும். பழுது பார்க்கும் செலவும் சாதாரணக் கட்டடத்தைவிட அதிகம். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் குறைவு, அவர்கள் கூலி அதிகம்.

கட்டடத்தில் ஏற்கெனவே குடியிருப்போர் இருந்தால், முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தத்தையும் கடந்த ஓராண்டு ரசீதுகளையும் கேட்டு வாங்குங்கள். விலை ஏறட்டும் என்று விற்பவர் தம் உறவினரையே அதிக வாடகைக்குக் குடிவைத்ததாகக் காட்டுவதும் உண்டு. அதே தெருவில் மற்றக் கடைகள் கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். குடியிருப்பவர் காலி செய்ய மறுத்தால் நீதிமன்ற ஆணை பெற்றுத்தான் வெளியேற்ற வேண்டும். நாமே பூட்டு மாற்றச் சட்டம் இடம் தராது, மார்க்கமும் இடம் தராது. வாடகைக்காரராய் இருந்து அல்லற்பட்ட சமுதாயம் நாம். உரிமையாளர் ஆனபின் அதை மறந்துவிடலாகாது.

நான்காம் பாடம்: கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். கீழ்வருபவை விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள்.

ஒரு கடைவீட்டின் விலை 1,200,000 வெள்ளி. கீழ்க்கடை வாடகை மாதம் 6,000, மாடி 1,500, ஆக 7,500. ஆண்டுக்கு 90,000. தரகர் உடனே, "நூற்றுக்கு ஏழரை வருகிறது, இதைவிட வேறென்ன வேண்டும்?" என்பார். இப்போது நம் கணக்கைப் போடுவோம்.

முதலில் முதல். மலேசியக் குடிமகனுக்கு உரிமை மாற்ற முத்திரைத் தீர்வை முதல் 100,000-க்கு நூற்றுக்கு 1, அடுத்த 400,000-க்கு 2, அடுத்த 500,000-க்கு 3, அதற்குமேல் 4. இக்கட்டடத்துக்கு 1,000 + 8,000 + 15,000 + 8,000 = 32,000 வெள்ளி. வழக்கறிஞர், பொறியாளர், இதர செலவு 18,000 என்று வைப்போம். பழுது பார்க்க 250,000. ஆக நாம் இறக்கும் உண்மையான முதல் 1,500,000 வெள்ளி.

பிறகு வரவு. ஆண்டில் பன்னிரண்டு மாதமும் வாடகை வரும் என்று கணக்கிடுவது வியாபாரிக்கு அழகல்ல. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பன்னிரண்டு மாதக் கணக்கை நம்பிக் கடன் வாங்கியவர்கள் பட்ட பாடு நாடறிந்தது. பத்து மாதம் என்று கொள்வோம். 75,000 வெள்ளி. இதில் நில வரி, நகராண்மை மதிப்பீட்டு வரி, காப்புறுதி, சில்லறைப் பழுதுகளுக்கு 15,000 கழித்தால் 60,000 மிஞ்சும். 1,500,000-க்கு 60,000 என்றால் நூற்றுக்கு நான்கு. ஏழரை என்று சொல்லப்பட்டது நான்காயிற்று. இதற்குமேல் வருமான வரியும் உண்டு. அதே பணம் கடைச் சரக்கில் சுழன்றால் என்ன தரும் என்பதை வாசகர்கள் தங்கள் ஐந்தொகையைப் பார்த்துத் தாங்களே சொல்லலாம்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படியல்ல. கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். நமக்கு நூற்றுக்கு ஐந்தாவது வேண்டும் என்றால், 60,000 வரவுக்கு மொத்த முதல் 1,200,000-ஐத் தாண்டக் கூடாது. அதில் பழுதுச் செலவு 250,000, இதர செலவு 18,000, முத்திரைத் தீர்வை சுமார் 21,000 போக, கட்டடத்துக்குக் கொடுக்கத்தக்க விலை ஏறத்தாழ 910,000 வெள்ளி. விற்பவர் சொன்ன விலையில் ஆரம்பித்துக் குறைத்துக் கேட்பது ஒரு பேரம். வாடகையில் ஆரம்பித்து விலைக்கு வருவது வேறொரு பேரம். பின்னதில்தான் நாம் நம் காலில் நிற்கிறோம்.

விற்கும் காலத்தையும் இப்போதே நினைக்க வேண்டும். 2022 முதல் உள்ள விதிப்படி, குடிமகன் தம் பெயரில் வாங்கிய சொத்தை மூன்று ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் நூற்றுக்கு 30-ம், நான்காம் ஆண்டில் 20-ம், ஐந்தாம் ஆண்டில் 15-ம் சொத்து இலாப வரியாகும். ஐந்து ஆண்டு கடந்தால் இல்லை. கம்பெனியின் பெயரில் வாங்கினால் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் 10 உண்டு. யார் பெயரில் வாங்குவது என்பதைக் கணக்காய்வாளரிடம் கேட்டே முடிவு செய்க.

ஐந்தாம் பாடம்: இடம்

வருங்கால வளர்ச்சி என்பதை எவரும் அளந்து தர முடியாது. எனினும் சில அடையாளங்கள் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சாதாரண நாள் ஆகிய மூன்று நாட்கள், காலை, நண்பகல், இரவு என்று அத்தெருவில் நின்று பாருங்கள். நடப்பவர்கள் யார், வாங்குகிறார்களா, படம் பிடித்துக்கொண்டு போகிறார்களா? வண்டி நிறுத்த இடம் உண்டா? அஞ்சடி நடக்கத் திறந்திருக்கிறதா, சாமான் அடுக்கி அடைபட்டிருக்கிறதா? எத்தனை கடைகள் பூட்டிக் கிடக்கின்றன, எத்தனை மாதமாக? ஒரே வகை வியாபாரத்தை மட்டும் நம்பிய தெரு அந்த வியாபாரம் படுத்தால் தானும் படுக்கும். மளிகை, துணி, உணவு, பணமாற்று என்று பலவும் கலந்த தெரு ஒன்று விழுந்தாலும் மற்றதால் எழும். புது ரயில் வருகிறது, புதுச் சாலை வருகிறது என்பார்கள். வரட்டும், வந்தால் நல்லது. ஆனால் அது வந்து சேருமுன்பே அதற்கான விலையை நாம் விற்பவர் கையில் கொடுத்துவிட்டால், வந்தபின் இலாபம் அவருடையதே தவிர நம்முடையதல்ல.

கடமையை மறவாதிருப்போம்

கூட்டாக வாங்குவோர், யார் எவ்வளவு போட்டார், வாடகை எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன விலை என்பதை முதல் நாளிலேயே எழுதிச் சாட்சியோடு வைக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி திருமறை நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. மச்சான் பெயரில் வாங்கிவைத்து, மச்சான் மௌத்தானபின் அவர் பிள்ளைகளோடு நீதிமன்றம் ஏறும் காட்சி நம்மிடையே இனியும் வேண்டாம். வட்டியில்லா முறையில் பணம் தரும் இஸ்லாமிய வங்கிகள் 1983 முதல் நம் நாட்டில் இருக்கின்றன. அவற்றின் ஒப்பந்தத்தையும் வரி வரியாகப் படித்தே கையெழுத்திட வேண்டும்.

விற்பதற்கென்று வாங்கிய கட்டடம் வியாபாரச் சரக்கைப் போன்றது. ஆண்டுதோறும் அதன் சந்தை மதிப்பின்மேல் ஸக்காத் கடமையாகும். வாடகைக்கென்று வைத்திருக்கும் கட்டடத்தின் மதிப்பின்மேல் ஸக்காத் இல்லை. அதன் வருவாய்க்கு எப்படி என்பதை மாநில ஸக்காத் நிலையத்தில் கேட்டுத் தெளிக. நாமே விற்பவராகும் நாளில், ஒழுகும் கூரையையும் ஊறும் சுவரையும் மறைக்காமல் சொல்லி விற்பதும் நம் கடமை. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமையுண்டு என்பது மார்க்கச் சட்டம்.

ஆகவே அன்பர்களே, காகிதம், உடல், அனுமதியும் குடியிருப்போரும், கணக்கு, இடம் ஆகிய இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்திலும் தேறிய கட்டடத்தை நியாயமான விலைக்கு வாங்குங்கள். முதலிரண்டில் எது தவறினாலும், விலை எவ்வளவு மலிவாக இருப்பினும் பொறியாளரும் வழக்கறிஞரும் தெளிவு சொல்லும்வரை கைவைக்க வேண்டாம். ஒரு கட்டடம் கைநழுவிப் போனதென்று வருந்த வேண்டாம். முதல் நம்மிடம் இருக்கும்வரை மறு கட்டடம் வரும். ஹலாலான வழியில் தேடிய நம் பொருளை வீணாகாமல் காத்து, நம் மக்களுக்கும் சமுதாயத்துக்கும் பயன்படச் செய்ய வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக, ஆமீன்.